கேற்றடியில் பறித்து வைத்த தண்ணீர்ப் போத்தல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் பிறகு வாசியுங்கள். ஆனால் விளையாட்டுக் கழகங்களில் நிர்வாகத்தில் இருக்கிற தம்பிமாரும், பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பான சேர்மார் ரீச்சர்மாரும், வெளிநாட்டிலிருந்து சுற்றுப்போட்டிகளுக்குக் காசு அனுப்புகிற உறவுகளும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அண்மையில் எங்கள் தீவுப் பக்கம் ஒரு கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடந்தது. எந்த ஊர், எந்தக் கழகம் என்று எழுதமாட்டேன். ஊகித்தவர்களும் கொமென்ற்றில் பெயர் போடவேண்டாம். இது ஒரு கழகத்தின் பிழை என்று நான் நினைக்கவில்லை. இப்போது எல்லா இடத்திலும் பரவிக்கொண்டு வருகிற ஒரு பழக்கம்.

கேற்றடியில் ஒரு பனர் கட்டியிருந்தார்கள். "வெளி உணவுகள், குடிபானங்கள் மைதானத்துக்குள் கொண்டுவர முற்றாகத் தடை." கீழே அனுசரணையாளர்களின் படங்கள். அதற்குக் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பக்கத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியள் இரண்டு பேர் ஒவ்வொருவருடைய பையாகத் திறந்து பார்த்தார்கள்.

எனக்கு முன்னால் நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு அக்கா, ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றா. அவவின் மூத்த மகன் அன்றைக்கு விளையாடுகிறான். அதிகாலைப் படகில் ஏறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்து நின்று, புங்குடுதீவு தாண்டி, தாம்போதி தாண்டி வந்திருக்கிறா. பைக்குள் பழைய சோடாப் போத்தலில் ஒன்றரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீர். ஒரு சாப்பாட்டுப் பெட்டியில் புட்டும் சம்பலும் முட்டைப் பொரியலும்.

"அக்கா, இது உள்ள விடேலாது. கன்ரீன் இருக்கு, உள்ள வேண்டலாம்."

"தம்பி, இது வெறும் தண்ணியப்பன். பிள்ளைக்கு. எனக்கும் மருந்து போடோணும்."

"நாங்க ஒண்டும் செய்யேலாது அக்கா. கொமிற்றி சொன்னது."

தம்பி மரியாதையாகத்தான் சொன்னான். அதையும் எழுதவேண்டும். ஆனால் போத்தல் மேசைக்குக் கீழே போய்விட்டது. அங்கே அதுபோல ஒரு இருபது போத்தல் நின்றது. சாப்பாட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போக அவவுக்கு மனமில்லை. கேற்றுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தின் கீழே இருந்து பிள்ளைக்குத் தீத்தினா. உள்ளே முதல் செற் முடிந்துவிட்டது. பிறகு அந்தப் பொடியன் வியர்வையோடு ஓடிவந்து, "அம்மா, எங்க நிண்டனீங்கள்? நான் பாத்தனான், உங்களைக் காணேல்ல" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

இனி என்னுடைய பங்கைச் சொல்கிறேன். என்னுடைய கைப்பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் இரண்டு பணிசும் இருந்தன. என்னுடைய பையை யாரும் திறக்கவில்லை. "ரீச்சர் நீங்க போங்கோ" என்று விட்டுவிட்டார்கள். நானும் போனேன். உள்ளே நிழலில் இருந்து என் தண்ணீரைக் குடித்தேன். இரண்டு வாய் குடித்த பிறகுதான் வெளியே நின்ற அக்காவின் நினைவு வந்தது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். எல்லோருக்கும் பொதுவான சட்டம் என்று பனரில் போட்டது, நடக்கும்போது தெரிந்த முகத்துக்கு ஒரு மாதிரியும் தெரியாத முகத்துக்கு இன்னொரு மாதிரியும் நடந்தது.

(கேற்றடியில் பை திறந்து பார்ப்பதைக் கண்டால் என்னுடைய உம்மாவின் முகம் இன்றைக்கும் மாறும். 1990 ஒக்ரோபரை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்தக் கணக்கை இந்தச் சின்ன விடயத்துக்குள் இழுக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் பையைத் திறக்கச் சொல்கிற தம்பிமார், திறக்கிற ஆளின் முகத்தையும் ஒருக்கால் பார்த்தால் நல்லது.)

சரி, கழகத்தின் பக்கம் நியாயம் இல்லையா? இருக்கிறது. நான் அடுத்த நாள் நிர்வாகத்தில் இருக்கிற ஒருவரிடம் நேரே கேட்டேன். அவர் சொன்ன காரணங்கள் நாலு.

முதலாவது, முந்தைய வருடம் கோட்டுக்குக் கிட்ட யாரோ வைத்த போத்தல் உருண்டு உள்ளே வந்து, பந்தை எடுக்கப் பின்னால் ஓடிய பொடியன் அதில் கால் வைத்து முழங்கால் திரும்பிவிட்டது. அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுவதும் விளையாடவில்லை. இதை நான் சின்ன விடயமாக நினைக்கவில்லை. கரப்பந்தாட்ட மைதானம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். கோட்டுக்கு வெளியே சுற்றிவரக் குறைந்தது 3 மீற்றர் வெறுமையாக இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் ஊர்களில் அந்த 3 மீற்றருக்குள்தான் சின்னப் பிள்ளைகள் சப்பாணி கட்டி இருப்பார்கள், பெரியவர்கள் கதிரை போடுவார்கள், கச்சான் சரை, சோடாப் போத்தல், பிளேன்ரீக் கோப்பை எல்லாம் பரவியிருக்கும். விளையாடுகிறவன் பந்தைப் பார்ப்பானா, போத்தலைப் பார்ப்பானா?

இரண்டாவது, சோடாப் போத்தலுக்குள் வேறு சாமான் கலந்து கொண்டுவருகிற ஆட்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. இரவுப் போட்டிகளில் சண்டை எங்கே தொடங்குகிறது என்றும் தெரியும். பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டும். அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

மூன்றாவது, குப்பை. இதற்குப் பிறகு வருகிறேன்.

நாலாவதைச் சொல்ல முதல் அவர் கொஞ்சம் இழுத்தார். "ரீச்சர், கன்ரீனை ஏலத்தில குடுத்தது. எடுத்தவர் வெளிச்சாமான் விடக்கூடாதெண்டு கேட்டவர். அந்தக் காசிலதான் கப் வேண்டினது."

இதுதான் உண்மையான காரணம் என்று நான் நினைக்கிறேன். மற்ற மூன்றும் உண்மையான பிரச்சினைகள்தான். ஆனால் அவற்றுக்காகத் தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை. தடுத்தது ஏலக் காசு.

உள்ளே அரை லீற்றர்த் தண்ணீர் 100 ரூபாய் விற்றது. 2025 ஏப்ரலில் இருந்து அரை லீற்றர்ப் போத்தலுக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100 ரூபாய் என்று அரசாங்கம் உச்ச விலை போட்டிருக்கிறது. வெளித் தண்ணீரைத் தடுத்துவிட்டு உள்ளே உச்ச விலைக்கு மேல் விற்றால் அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும் காலையிலிருந்து பின்னேரம் வரை அந்த வெயிலில் இருந்தால் தண்ணீருக்கு மட்டும் எவ்வளவு போகும்? கடற்றொழிலுக்குப் போகிற வீடுகளில், அதுவும் காற்றுக் காலத்தில், அது ஒரு நாள் கறிக்காசு.

இந்த வெளி உணவுத் தடை என்பது எங்கள் ஊரில் முளைத்த விடயம் அல்ல. பெரிய ஸ்ரேடியங்களில் பார்த்து எடுத்தது. அங்கே அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1996 மார்ச் 13, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். உலகக் கிண்ண அரையிறுதி. என்னுடைய வயதுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும் மறக்காது. அப்போது நாங்கள் புத்தளத்தில் முகாமில் இருந்தோம். எனக்குச் சின்ன வயது. ஒரு ரீவிப் பெட்டியைச் சுற்றி முகாமே இருந்தது. நாங்கள் 251 ஓட்டம். இந்தியா 8 விக்கெற் போய் 120இல் நிற்கும்போது சனம் தண்ணீர்ப் போத்தல்களையும் பழங்களையும் மைதானத்துக்குள் எறிந்தது, இருக்கைகளுக்கு நெருப்பு வைத்தது. போட்டி நடுவர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி இலங்கைக்கு வெற்றி என்று கொடுத்தார். வாப்பா சந்தோசத்தில் குதித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு போனதையும் பார்த்தோம்.

அவர்கள்தான் அப்படி என்று நாங்கள் பெருமைப்படவும் முடியாது. 2017 ஓகஸ்ற் 27, பல்லேகல. எங்கள் அணி தோற்கிற நிலை வந்ததும் எங்கள் சனமும் போத்தல் எறிந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. தோனி நிலத்தில் படுத்து நித்திரை கொண்ட படம் அன்றைக்கு வந்ததுதான்.

ஆக, ஆயிரக்கணக்கில் சனம், மேலே கலரி, கீழே ஆட்டக்காரர் என்றால் போத்தலுக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் எங்கள் சுற்றுப்போட்டிக்கு வருவது முந்நூறு, நானூறு பேர். அதில் பாதி ஆட்டக்காரரின் சொந்தக்காரர். எறிந்தால் அது தன்னுடைய மச்சான்மேல்தான் விழும்.

அதே பெரிய ஸ்ரேடியங்களில் இன்னொரு வகைத் தடையும் இருக்கிறது. 2003இல் தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்துக்குப் பெப்சி அனுசரணை. கொக்காகோலா குடித்த ஒரு பார்வையாளரை ஸ்ரேடியத்தை விட்டு வெளியேற்றினார்கள். அங்கே பாதுகாப்புப் பிரச்சினை ஒன்றும் இல்லை. காசுக்காரன் சொன்னான், செய்தார்கள். நாங்கள் கேற்றடியில் கட்டுகிற பனர் இந்த இரண்டில் எந்த வகை என்று கழகங்கள் தங்களையே கேட்டுப் பார்க்கவேண்டும்.

சனத்துக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரத்துக்குப் போகத் தேவையில்லை, பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பார்த்தால் போதும். 2024 ஒக்ரோபர் 6, சென்னை மெரீனாவில் விமானப்படையின் சாகசக் காட்சி. இலட்சக்கணக்கில் சனம், பட்டப்பகல் வெயில். 5 பேர் இறந்தார்கள், நிறையப் பேர் மயங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வந்தவர்கள் சொன்னதை ரீவியில் கேட்டோம். 2025 செப்ரெம்பர் 27, கரூர். விஜய்யின் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் போனார்கள். அதில் சின்னப் பிள்ளைகள் எத்தனை. யார் பிழை என்று தீர்ப்புச் சொல்வது என்னுடைய வேலை அல்ல. ஆனால் மணித்தியாலக் கணக்காகக் காத்து நின்ற சனத்துக்குள் வாகனத்தின் மேலிருந்து தண்ணீர்ப் போத்தல்களை எறிந்த வீடியோவை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தாகத்தில் நிற்கிற கூட்டத்துக்குள் போத்தலை எறிகிற நிலைக்கு ஏன் வரவேண்டும்? அந்தப் போத்தல் காலையிலேயே ஒவ்வொருவர் கையிலும் இருந்திருக்க வேண்டியது.

முந்நூறு பேருக்குக் கரூரை உதாரணம் காட்டுவது கூடுதல்தான் ரீச்சர் என்று சிலர் சொல்வீர்கள். சரி. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வருவோம். பெப்ரவரி, மார்ச் வெயில் எப்படி என்று தெரியும். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று இறந்த பிறகு எந்த ஆசிரியரும் மைதானத்தில் நிம்மதியாக நிற்பதில்லை. ஓடுகிற பிள்ளைக்காவது நாங்கள் குளுக்கோஸ் வைத்திருப்போம். வெயிலில் நின்று கத்துகிற பிள்ளையையும், கதிரை கிடைக்காமல் நிற்கிற அம்மம்மாவையும் யாரும் கணக்கெடுப்பதில்லை.

எங்கள் பாடசாலையில் நோன்பு காலத்தில் ஒருமுறை இல்ல விளையாட்டுப் போட்டி வந்தது. கோப்பாய் கலாசாலையில் படித்த காலத்திலும் இப்படி ஒருமுறை வந்தது, ஆனால் அங்கே நான் பார்வையாளர். இந்த முறை எனக்குத் தந்த பொறுப்பு தண்ணீர்! நோன்பாளியிடம் தண்ணீர்த் தட்டைக் கொடுத்தது தெரியாமல் நடந்த பிழை. தெரிந்ததும் ஒரு சக ஆசிரியை ஓடிவந்து, "ஐயோ, நீங்க இதில நிக்காதேங்கோ, நான் பாக்கிறன்" என்றா. நான் விடவில்லை. தாகம் என்ன என்று அன்றைக்கு அந்த மைதானத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் யார்? பின்னேரம் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் சில விடயங்களைக் கவனித்தேன். பிள்ளைகள் காசு கொடுத்து வாங்குகிற இடத்துக்குப் போவதற்குப் பயந்து தாகத்தோடு நிற்பார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் ஒருமுறை குடித்த பிள்ளை இரண்டாம் தரம் கேட்க வெட்கப்படும். தன்னுடைய போத்தல் தன்னிடம் இருக்கிற பிள்ளை மட்டும்தான் தேவையான அளவு குடிக்கும்.

இன்னொன்று. வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. நான் கன்ரீனில் ரோல்ஸ் சாப்பிடமாட்டேன். இறைச்சி எங்கே வாங்கியது என்று கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்தவும் விருப்பமில்லை. என்னோடு படிப்பிக்கிற இரண்டு பேர் வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார்கள். மீன் ரோல்ஸும் மரக்கறி ரோல்ஸும் ஒரே எண்ணெய்ச் சட்டியில் பொரிகிறது, அவர்களும் சாப்பிடமாட்டார்கள். ஒருவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். ஆக நாங்கள் நாலு பேரும் நாலு பெட்டி கொண்டுபோய் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறோம். என்னுடைய பெட்டியில் இருக்கிற வட்டிலப்பத்துக்கு என்ன போட்டி என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெளி உணவுத் தடை என்றால் எங்கள் நாலு பேரில் மூன்று பேர் பட்டினி.

இது எங்கள் தீவுகளுக்கு ஒவ்வாத பழக்கம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. நயினாதீவில் அம்மன் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வருகிறது. குறிகட்டுவான் வெயிலில் படகுக்கு நிற்கிற சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். மோரோ சர்க்கரைத் தண்ணீரோ, வருகிற ஆள் யார் என்று கேட்காமல் கொடுப்பார்கள். நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற அன்னதான மண்டபத்துக்குப் பெயரே அமுதசுரபி. மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி எனக்குத் தெரியாது, ஆனால் தமிழ்ப் பாட வேளையில் அதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பார்கள். எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சினாலும் வாளியோடு வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை. உவர்த் தண்ணீர்க் கிணறுகளோடு வாழ்கிற சனம் நாங்கள். சாட்டிக் கிணற்றுத் தண்ணீர் பவுசரில் வருமா வராதா என்று வாளி வைத்துக்கொண்டு நிற்கிற சனம். தண்ணீரின் பெறுமதி தெரிந்த இந்த இடத்திலா மேசைக்குக் கீழே இருபது போத்தல் நல்ல தண்ணீர் கிடந்து சூடாவது? அன்று பின்னேரம் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? நிலத்தில் ஊற்றிவிட்டு வெறும் போத்தலைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் கவலை மட்டும்தான்.

குப்பைக்கு வருவோம் என்றேன். போட்டி முடிந்த அடுத்த நாள் என்னுடைய வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு போய்ப் பொறுக்கினோம். ஏழு உரப்பை நிறைந்தது. ஏழிலும் இருந்தது கன்ரீன் சாமான். பிளாஸ்ரிக் கோப்பை, ஸ்ட்ரோ, அரை லீற்றர்ப் போத்தல், ரோல்ஸ் சுற்றிய தாள், ஐஸ்கிறீம் கோப்பை. வெளிச்சாமானைத்தான் விடவில்லையே, பிறகு வேறு எது இருக்கும்! வீட்டுப் பெட்டி வீட்டுக்குத் திரும்பிப் போகும். அதைக் கழுவி அடுக்கவேண்டிய அம்மா வீட்டில் இருக்கிறா. வாங்கிய கோப்பை எறிந்த இடத்தில் கிடக்கும், பிறகு காற்றில் கடலுக்குப் போகும். பிளாஸ்ரிக் ஸ்ட்ரோ, கோப்பை, தட்டு, கரண்டி எல்லாவற்றையும் 2023 ஒக்ரோபர் 1 முதல் அரசாங்கம் தடைசெய்திருக்கிறது. அந்தத் தடையை எந்தப் பனரிலும் நான் காணவில்லை. யப்பான் ரசிகர்கள் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் கையில் பையோடு நின்று கலரியைத் துப்புரவாக்கிவிட்டுப் போவதைப் பகிர்ந்து இலைக் போடுகிறோம். எங்களுடைய கிறவுண்டுக்கு ஒரு உரப்பை கொண்டுபோக வெட்கம்.

பனை ஓலைக்கு எங்களிடம் பஞ்சமா? கூழ் குடிக்கப் பிளா, சோறு போடத் தட்டுவம். எங்களுடைய அப்பம்மாமார் விரல் நுனியில் கோலிப் போடுவார்கள். ஒரு சுற்றுப்போட்டியில் பிளாவில் ஒடியல் கூழ் விற்றுப் பாருங்கள், கனடாவிலிருந்து வந்தவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள்.

எப்படிக் கொண்டுபோவது, எப்படிப் பிடிப்பது என்பதையும் சொல்லவேண்டும். பார்க்க வருகிறவர்களிலும் பிழை இருக்கிறது.

கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். உடைந்தால் மணலில் தேடி எடுக்கமுடியாது, அடுத்த நாள் அதே மணலில்தான் எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும். சில்வர்ப் போத்தல் நல்லது, மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், குடித்தால் திரும்பப் பைக்குள் போகவேண்டும். கோட்டுக்கும் கயிற்றுக்கும் இடையில் ஒன்றும் வைக்கக்கூடாது, குழந்தையின் பால்போத்தலாக இருந்தாலும். சுடுபிளேன்ரீயை மெல்லிய கோப்பையில் வாங்கிக்கொண்டு சனத்துக்குள் நிற்காதீர்கள். நல்ல ஸ்மாஷ் ஒன்று விழுந்தால் உங்களுக்கே தெரியாமல் கையைத் தூக்குவீர்கள், முன்னால் இருக்கிற பிள்ளையின் முதுகு வெந்துபோகும். நான் கண்ணால் கண்டது. பிளேன்ரீ வாங்கினால் பின்னுக்குப் போய் இருந்து குடியுங்கள். எங்களுக்குச் சின்ன வயதில் மதரசாவில் முதல் படிப்பித்தது, இருந்து, வலது கையால், ஆறுதலாகக் குடி என்று. பக்கத்து வீட்டு அம்மம்மாவும் தன்னுடைய பேரனுக்கு அதைத்தான் சொல்வா, "நிண்டுகொண்டு குடியாதை, புரைக்கேறும்." ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் சோடா, கக்கத்தில் போன் என்று நின்று கைதட்டப் பார்க்கிற அண்ணாமாரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

நிறைந்த சனத்துக்குள் கறி ஊற்றிய சோற்றுப் பார்சல் பிரிக்கவேண்டாம். புட்டு, ரொட்டி, சம்பல் பாண், அவித்த கடலை போதும். மீன் குழம்பு வாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர் எழும்பிப் போவார், காகம் வரும்.

கன்ரீன்காரரைப் பற்றி ஒரு சொல். அவரும் எங்கள் ஊர் ஆள், கடன் எடுத்துத்தான் ஏலம் எடுத்திருப்பார். இன்னொரு போட்டியில் கன்ரீன் போட்ட ஒரு ஐயாவிடம் இதைப் பற்றிக் கதைத்தேன். அவர் சிரித்தார். "ரீச்சர், வீட்டில இருந்து புட்டுக் கொண்டு வாற சனம் விட்டாலும் விடாட்டியும் என்னட்டப் புட்டு வேண்டப் போறேல்ல. ஆனா ஐஸ்கிறீம் வீட்டில இருந்து கொண்டு வரேலாது. வெய்யில் ஏறினாப் பிள்ளை அழும், தாய் வேண்டித்தான் குடுக்கோணும். அதில எனக்கு மிஞ்சும்." தொழில் தெரிந்த மனிசன். தண்ணீரை ஏலத்தில் சேர்க்காமல் விட்டால் ஏலத் தொகை கொஞ்சம் குறையும். கப்பின் உயரமும் கொஞ்சம் குறையட்டும். இடுப்பளவு உயரமான கப்பை வைக்க எந்தக் கழகத்திலும் அலுமாரி இல்லை.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் அனுப்புகிற காசில் உங்கள் படம் போட்ட பனர் அடிக்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. அதோடு குழாய் வைத்த இரண்டு தண்ணீர்த் தாங்கி வாங்கித் தாருங்கள், உங்கள் அம்மா அப்பாவின் பெயரைத் தாங்கியிலேயே எழுதுவோம். பனர் மழைக்குக் கிழிந்துவிடும். தாங்கி பத்து வருடம் நிற்கும், ஒவ்வொரு பிள்ளையும் குடிக்கும்போது அந்தப் பெயரை வாசிக்கும்.

அடுத்த சுற்றுப்போட்டிக்கான கூட்டம் வருகிற ஞாயிறு பின்னேரம் என்று கேள்விப்பட்டேன். அழைக்காவிட்டாலும் வருவேன், கோபிக்கவேண்டாம். கேற்றடி மேசையில் பை பார்க்கிற பொறுப்பை ஒரு ஆண், ஒரு பெண் என்று போடவும், கண்ணாடியையும் மதுவையும் மட்டும் தடுக்கவும், தண்ணீரையும் வீட்டுச் சாப்பாட்டையும் விடவும் கேட்பேன். கோட்டிலிருந்து 3 மீற்றருக்குக் கயிறு கட்டுகிற வேலையை எங்கள் பாடசாலை மாணவத் தலைவர்கள் செய்வார்கள். அதிபரிடம் கேட்டுவிட்டேன். இரண்டு பெரிய பரல் என்னிடம் இருக்கிறது, கழுவி வைக்கிறேன். சாட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றிவர லாண்ட்மாஸ்ரர் உள்ள யாராவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், டீசல் காசு நான் தருகிறேன்.

அந்த நெடுந்தீவு அக்காவைத் தெரிந்தவர்கள் யாராவது இதை அவவிடம் வாசித்துக் காட்டுங்கள். மகன் அடுத்த போட்டிக்கும் விளையாடுகிறான் என்று கேள்வி. புட்டோடு வாங்கோ அக்கா, நான் உங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.